அரசாணிக்கு நாற்று விட்ட கதை

போன மாதம் பீளமேட்டில் ஒரு கல்லூரி மைதானத்தில் இயற்கை விவசாயச் சந்தை போட்டிருந்தார்கள். பந்தல், பந்தலுக்குள் மின்விசிறி, மின்விசிறிக்குக் கீழே குழித்தட்டுகளில் நாற்று. முதல் தட்டில் தக்காளி. சரி. அடுத்ததில் கத்தரி, அதற்கடுத்து மிளகாய். அதுவும் சரி. நான்காவது தட்டில் முள்ளங்கி நாற்று இருந்தது. ஐந்தாவதில் கேரட் நாற்று. நாற்பது வருடம் நாற்றங்காலில் குனிந்து நின்றவன் நான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். முள்ளங்கிதான்.

விற்றுக்கொண்டிருந்தவருக்கு முப்பது வயது இருக்கும். சட்டையில் இலைப் படம் போட்டிருந்தார்.

“ஏனுங்க தம்பி, இது எத்தன நாள் நாத்துங்க?”

“இருவது நாளுங்க ஐயா. நாட்டு முள்ளங்கி.”

“இன்னொரு இருவது நாள் போனா எங்க தோட்டத்துல அது சாம்பார்ல கெடக்குமுங்களே.”

“மாடித் தோட்டத்துக்குன்னே ரெடி பண்ணினதுங்க. வெத போட்டா மொளைக்குமோ என்னமோன்னு கஸ்டமருக்கு டென்ஷன். நாத்துன்னா டென்ஷன் இல்லீங்க பாருங்க.”

“டென்ஷன் இருக்காதுங்க. கெழங்கும் இருக்காது.”

“ஐயா வாங்கறீங்களா, சும்மா பாக்கறீங்களா?”

சும்மாதான் பார்த்தேன். நான் அங்கே நின்ற நேரத்துக்குள் மூன்று பேர் அந்த முள்ளங்கித் தட்டை வாங்கிப் போனார்கள். மூவரும் கார் வைத்திருக்கிறவர்கள், மூவரும் படித்தவர்கள்.

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தோட்டத்தில் இப்போது நாற்றங்காலைப் பார்த்துக்கொள்வது இரண்டு விவசாயப் பட்டதாரிகள். அவர்களிடம் போய் இதைச் சொல்லித் திட்டினேன். சிரித்தார்கள். பிறகு, “மேஸ்திரி, எத நாத்து வுடறது, எத நேரா வெதைக்கறதுன்னு நீங்களே உங்க அனுபவத்துல எழுதிக் குடுங்க. நம்ம மாச இதழ்ல போடலாமுங்க” என்றார்கள். எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருப்பதாக யாருக்காவது தோன்றினால் என்னிடம் நேரில் வரட்டும்.

என் அப்பனும் ஆத்தாளும் தொண்டாமுத்தூர்ப் பக்கம் பண்ணை வேலைக்குப் போனவர்கள். நான் படித்தது ஐந்தாவது வரை. பாத்தி கட்டுவது, மடை திருப்புவது, எரு சுமப்பது என்று ஆறு வருடம் போயிற்று. அதை விவரமாக எழுதினால் படிக்கிறவருக்கும் முதுகு வலிக்கும். எனக்கு யாரும் எதையும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. பார்த்தேன், செய்தேன், கெடுத்தேன், மறுபடி செய்தேன். கூலிக்கு வந்தவன் நாற்றங்கால் மேஸ்திரி ஆனேன். மலையடிவாரத்தில் என் தக்காளி நாற்று இறங்காத தோட்டம் பத்துக்கூடத் தேறாது. கோட் போட்டவர்கள் என் பாத்தியின் ஓரம் உட்கார்ந்து குறிப்பெடுத்துப் போயிருக்கிறார்கள். இது பெருமைக்குச் சொல்வது இல்லை. பெருமைதான், ஆனால் உண்மை.

விஷயத்துக்கு வருகிறேன். செடியில் இரண்டு ஜாதி. வேர் அறுந்தால் “போனால் போகட்டும்” என்று ஒன்றுக்கு நாலாக வேர் விட்டுக்கொள்கிற ஜாதி ஒன்று. தக்காளி, கத்தரி, மிளகாய், முட்டைக்கோஸ் எல்லாம் அந்த ஜாதி. அதற்கு நாற்று விடலாம், பிடுங்கலாம், நடலாம். வேரைத் தொட்டாலே கோபித்துக்கொள்கிற ஜாதி இன்னொன்று. முள்ளங்கி, கேரட், வெண்டை, அவரை, கொடி வகை எல்லாம் அதில் சேர்த்தி. ஆணிவேர் நேராகக் கீழே போயாக வேண்டும். அதன் நுனி மடங்கினால் முள்ளங்கி கால் பின்னிக்கொள்ளும், வெண்டை முழங்கால் உயரத்தில் நின்று கிழவனாகிவிடும். இந்த ஜாதியை எங்கே வாழ வேண்டுமோ அங்கேயே விதைக்க வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. இதற்கு ஒரு டிகிரி வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.

தோட்டத்து முதலாளி தெய்வானையம்மா. நிலத்துக்காரக் குடும்பம். வீட்டு ஆண்கள் எல்லாம் பம்ப்செட் தொழிலுக்குப் போனபிறகு நிலத்தை இவர் பார்த்துக்கொண்டார். உப்பு உரமும் பூச்சி மருந்தும் இனி உள்ளே வரக்கூடாது என்று இவர் நிறுத்தியபோது உறவுக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் பிற்பாடு எங்கள் தோட்டத்துக் காய்க்கு வாரம் தவறாமல் ஆள் அனுப்பினார்கள்.

அம்மா சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அவர் மனம் எப்படி இருக்கிறது என்பதை மரியாதையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல மனநிலையில் இருந்தால், “கண்ணு, இங்க வா.” கொஞ்சம் வருத்தம் என்றால், “வா மேஸ்திரி.” “ஏனுங்க மேஸ்திரி, சித்த வாங்க” என்று ஆரம்பித்தாரென்றால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். ஒருவனை வேலையை விட்டு நிறுத்தும்போது, “நாளையிலிருந்து நீங்க செரமப்பட வேண்டாமுங்க” என்றார். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். வெளிக்கேட்டுக்குப் போன பிறகுதான் அவனுக்குப் புரிந்தது.

நான் முதன்முதலாகத் தனியாக விட்ட தக்காளி நாற்றை அம்மா பார்க்க வந்த நாளைச் சொல்ல வேண்டும். பாத்தி கருகருவென்று இருந்தது. ஒரு முழம் உயரம், இலை ஒவ்வொன்றும் தளதள. வழியில் போகிறவன் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனான். அம்மா கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஒரு டீ ஸ்பூனும் இருந்தன. இலையை அவர் பார்க்கவே இல்லை. ஸ்பூனால் ஒரு நாற்றை மண்ணோடு கிளப்பி, டம்ளர் தண்ணீரில் அலசி, வேரை மட்டும் வெயிலுக்கு நேரே பிடித்தார்.

“ஏனுங்க மேஸ்திரி.”

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“தெனமும் ரெண்டு வேள தண்ணி உட்டீங்களாட்ட இருக்குதுங்க.”

“ஆமாங்கம்மா. வாடப்படாதுன்னு.”

“வாடட்டுமுங்க. உக்காந்த எடத்துல சோறு கெடைச்சா உங்க வேரும் இப்படித்தான் நூலாட்ட இருக்குமுங்க. இது காட்டுக்குப் போயி ஒரு வெயிலு தாங்காதுங்க.”

மொத்தப் பாத்தியையும் பிடுங்கி உரக்குழியில் போடச் சொன்னார். என் கையாலேயே போட்டேன். அன்றைக்கு அவரை மனதுக்குள் என்னென்னவோ திட்டினேன். ஆனால் அன்றிலிருந்து நான் விட்ட நாற்று எதுவும் தோற்றதில்லை. மேட்டுப் பாத்தி, மக்கிய சாணி எரு, வேப்பம் புண்ணாக்கு. விதையைச் சூடோமோனாஸ் என்கிற நுண்ணுயிர்ப் பொடி கலந்த ஆறிய கஞ்சியில் புரட்டி, நிழலில் உலர்த்தி, விரல்கடை விட்டு வரிசையில் போடுவேன். முளைக்கும் வரை வைக்கோல், முளைத்த அன்று சாயங்காலமே வைக்கோலை எடுத்துவிடுவேன். கடைசி ஐந்து நாள் தண்ணீரைப் பாதியாகக் குறைப்பேன். இருபத்தைந்தாம் நாள் நாற்று குட்டையாக, தண்டு ஊதா நிறம் ஓடி, முறுக்கிக்கொண்டு நிற்கும். வேரைப் பஞ்சகவ்யத்தில் நனைத்து, வெயில் சாய்ந்தபிறகு நடுவேன். இன்றைக்கு இதை ‘ஹார்டனிங்’ என்று சொல்லிப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். மதியச் சாப்பாடும் போடுகிறார்களாம்.

இனி எழுதப்போவது, நான் இதுவரை யாருக்கும் முழுதாகச் சொல்லாதது.

எங்கள் தோட்டத்தில் களை எடுக்கும் பெண்களில் பொன்னாத்தாள் என்று ஒருத்தி. என்னைப் போலவே பண்ணைக் கூலிக் குடும்பம். கல்யாணமாகிச் சோமனூரில் பல வருடம் விசைத்தறி ஓட்டிவிட்டு, புருஷன் இறந்தபிறகு இந்தப் பக்கம் திரும்பி வந்தவள். தறிச் சத்தத்தில் பேசிப் பழகியதால் எதையும் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்லுவாள். அவளுக்கு ஒரு ஆசை வந்தது. களை எடுத்தது போதும், சொந்தமாக ஒரு வெள்ளாமை எடுக்க வேண்டும் என்று. மலையடிவாரத்தில் வேலுச்சாமி என்பவருடைய முப்பது சென்ட் துண்டு சும்மா கிடந்தது. போய்க் கேட்டாள்.

அவர் சொன்னது இது: “ஒரு போகம் பாருங்க அம்மணி. நல்லா வந்தா நீங்களே வெச்சுப் பண்ணுங்க, நான் கேக்க மாட்டேன். வல்லீன்னா தென்னம்புள்ள வெச்சுப்போடுவேன்.”

தென்னை வைத்துவிட்டால் அந்த மண் அவளுக்கு ஆயுசுக்கும் இல்லை. ஒரே ஒரு போகம்தான் அவளுக்கு இருந்தது.

அரசாணிக்காய் போடுவதென்று முடிவெடுத்தாள். வெளியூர்க்காரர்கள் பரங்கி, மஞ்சள் பூசணி என்பார்கள். தெய்வானையம்மாவும், “வெளைஞ்சா நம்ம காயோட நானே எடுத்துக்கறேன், மருந்து மட்டும் அடிச்சுப்போடாத கண்ணு” என்று சொல்லியிருந்தார். விதை அவள் மாமியார் வீட்டு நாட்டு விதை. முறைப்படி குழிக்கு மூன்று விதை நேராக ஊன்றினாள். மூன்றாம் நாள் மயில் வந்தது.

மயிலை நகரத்துக்காரர்கள் படம் எடுத்துச் சுவரில் மாட்டிக்கொள்கிறார்கள். எங்கள் பக்கம் வந்து ஒரு வாரம் விதைத்துப் பார்க்கட்டும். வரிசை பிடித்துக்கொண்டு குழி குழியாகக் கிளறித் தின்னும். அளவுகோல் வைத்த மாதிரி ஒரு குழிகூட விடாது. அடிக்கவும் முடியாது, பிடிக்கவும் முடியாது. பொன்னாத்தாள் மறுபடி ஊன்றினாள். இந்தத் தடவை காவலுக்குத் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். களை வேலைக்கு வராமல் எத்தனை நாள் உட்கார முடியும்? வேலைக்கு வராத அன்று இருந்த விதை, வேலைக்கு வந்த அன்று இல்லை.

அதன்பிறகுதான் என்னிடம் வந்தாள். நான் நாற்றங்காலில் நாலு பேரோடு இருந்தேன்.

“ஏனுங்க மேஸ்திரி, அரசாணிய நாத்து உட்டு நடலாமுங்களா? ரெண்டு எலை உட்டபொறவு நட்டா மயிலு கெளறாதுங்களே.”

நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் எழுதுகிறேன். “அரசாணிக்கு நாத்து உடறவ காட்டுக்கு ஏன் வரோணும், தறிக்கே போலாம்” என்றேன். கூட இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நான் சொன்னது விதிப்படி சரிதான். சரியான விஷயத்தை நாலு பேர் சிரிக்கச் சொல்வது எனக்கு அப்போது கைவந்த கலை.

அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. “தறியிலயும் உங்களாட்ட ஆளு இருந்தாங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுவும் நாலு வீட்டுக்குக் கேட்டது.

மறுநாள் அம்மா கூப்பிட்டார்.

“ஏனுங்க மேஸ்திரி, சித்த வாங்க. பொன்னாத்தாகிட்ட என்னமோ சொன்னீங்களாமுங்க.”

“அரசாணி வேர நவுத்தப்படாதுங்கம்மா. அதைத்தானுங்க சொன்னேன்.”

“நவுத்தாம நடறதுக்கு வழி இருக்குதுங்களா?”

“அப்படி எங்கீங்கம்மா இருக்குது.”

“இருக்குதான்னு பாத்துப்போட்டு வந்து சொல்லுங்க. நாப்பது பேரு உங்ககிட்ட யோசன கேக்க வாராங்க. அவ மட்டும் கேக்கப்படாதுங்களா?”

ஆறு வாக்கியம், ஏழெட்டு மரியாதை. ஓடினேன்.

பொன்னாத்தாள் வீட்டு வாசலில் ஒரு சாக்கு நிறையக் காலிக் கோன் இருந்தது. கோன் என்றால் நூல் சுற்றி வருகிற அட்டைக் கூம்பு. ஒரு சாண் உயரம், இரண்டு பக்கமும் திறந்திருக்கும். நூல் தீர்ந்ததும் தறிக்குடோனில் மூலையில் குவிந்து கிடக்கும். சோமனூரில் இருக்கும் தன் தங்கையிடம் சொல்லி பஸ்ஸில் போட்டு வரவழைத்திருந்தாள். சாயம் பட்டதையெல்லாம் ஒதுக்கிவிட்டு வெறும் பழுப்பு அட்டையாகப் பொறுக்கி வைத்திருந்தாள். அம்மா மருந்து கூடாது என்றது சாயத்துக்கும் சேர்த்துத்தான் என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

“இதுல வெத போட்டு, கோனோட நட்டுப்போடலாமுன்னு இருக்கறனுங்க” என்றாள்.

யோசனை நல்ல யோசனை. அவளுடையது என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. “ம், பாக்கலாம். ஆனா இத நீ பண்ணினா வெளங்காது. மண்ணு கலக்கறதுல இருந்து நடற வரைக்கும் நானே பண்ணித் தாரேன்” என்றேன்.

விதை அவளிடம் இருநூற்று நாற்பதுதான் மிச்சம். மறுபடி வாங்கிவரவும் மாமியார் வீட்டில் இல்லை. அவள் விதையைக் கொட்டி இரண்டாகப் பிரித்தாள். “பாதி உங்களுக்கு, பாதி எனக்குங்க.”

“எம்மேல நம்பிக்கை இல்லியா அம்மணி?”

“பாதி இருக்குதுங்க.”

என் பாதியை நான் எப்படிச் செய்தேன் என்றால், இத்தனை வருடம் எப்படிச் செய்தேனோ அப்படி. கோனின் அகன்ற வாய் மேலே இருக்கும்படி, டம்ளர் மாதிரி நிறுத்தினேன். மண் நிரப்ப வசதி, தண்ணீர் ஊற்ற வசதி, பார்க்கவும் அழகு. மூங்கில் சட்டம் செய்து வரிசையாகச் சொருகினேன். மண்ணை விளிம்பு வரை நிரப்பினேன். முளைத்து வந்தது பாருங்கள், ஒரே உயரம். கடைசி நாட்களில் தண்ணீரைக் குறைத்தேன். இருபத்திரண்டாம் நாள் நடவுக்கு எடுத்தேன்.

அவள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தாள். கோனின் அகன்ற வாயைக் கீழே வைத்து, கூரான பக்கத்தை மூன்று விரல் நுழையும்படி வெட்டிவிட்டு, ஈரச் சாக்கின் மேல் நிறுத்தினாள். பாதி உயரத்துக்குத்தான் மண். விதை கோனுக்கு நடுவில், பானைக்குள் இருக்கிற மாதிரி இருந்தது. தண்ணீரை மேல் ஓட்டை வழியாக ஒரு மடக்கு, அவ்வளவுதான்.

“மீதிப் பாதிக்கு மண்ணு பத்தலியா?” என்று கேட்டேன்.

“மீதிப் பாதி மயிலுக்குங்க.”

என்னமோ உளறுகிறாள் என்று நினைத்தேன். பத்தாம் நாளே, இரண்டு விதையிலையும் ஒரு சொந்த இலைக் குருத்தும் வந்தவுடன், எடுத்து நட ஆரம்பித்துவிட்டாள். நான் கத்தினேன்.

“பத்து நாள் புள்ளைய யாராச்சும் கட்டிக் குடுப்பாங்களா? இருவத்தஞ்சு நாள் ஆவோணும். தண்டு முத்தோணும்.”

“உங்க தக்காளிக்கு ஆவட்டுமுங்க” என்றாள், தலையைத் தூக்காமல். கோனுக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்து அப்படியே தூக்கினாள். வேரை அசைக்கவில்லை, மண்ணைத் தட்டவில்லை. மண் உள்ள பாதி குழிக்குள் போயிற்று. காலிப் பாதி தரைக்கு மேலே வேலி மாதிரி நின்றது. இலை அதற்குள்ளே. மயில் அலகு இலை வரை எட்டாது. வேர் அகன்ற வாய் வழியாக நேராகக் கீழே இறங்கிக்கொள்ளும். மண்ணுக்குள் இருக்கும் அட்டை ஊறி மக்கிவிடும். கொடி வெளியே தலை நீட்டியதும் மேல் அட்டையைக் கிழித்து எடுத்துவிடலாம்.

இது அன்றைக்கே எனக்குப் புரிந்ததா என்றால், புரிந்தது. ஒத்துக்கொண்டேனா என்றால், இல்லை. என் கோனில் தவறு எங்கே என்பதும் பன்னிரண்டு நாள் கழித்து எடுக்கும்போதுதான் கைக்குத் தெரிந்தது. ஆணிவேர் கூரான அடியில் வந்து முட்டி, மூன்று சுற்றுச் சுற்றி, ஓட்டை வழியாகக் கீழே தரைக்குள் இறங்கியிருந்தது. சட்டத்திலிருந்து தூக்கினபோது ஒவ்வொன்றும் ‘டிக்’ என்று அறுந்தது. வேர் அந்தச் சின்ன ஓட்டையில் மாட்டிக்கொள்ளும் என்பதால் கோனோடு நட முடியவில்லை; அட்டை குறுகின பக்கம் இறுக்கிக்கொண்டிருந்ததால் கவிழ்த்துத் தட்டித்தான் செடியை எடுக்க முடிந்தது. தட்டியதில் மண் உதிர்ந்தது. தக்காளிக்குச் செய்கிறதையெல்லாம் அரசாணிக்குச் செய்தேன். தாகத்தில் வைத்தேன், வயதாக விட்டேன், வேரை அறுத்தேன். முள்ளங்கி நாற்று விற்றவரை ஆரம்பத்தில் திட்டினேனே, அவருக்காவது அனுபவம் இல்லை. எனக்கு என்ன கேடு?

நூற்றிருபது நட்டேன். இருபதோ என்னவோதான் உயிரோடு நின்றது. நின்றதும் மஞ்சள் பூத்து, கொடி விடாமல், நோஞ்சான் பிள்ளை மாதிரி உட்கார்ந்துவிட்டது. அவளுடைய பாதியில் பட்டுப்போனது ஏழெட்டுத்தான். மீதியெல்லாம் ஓடியது. கொடி ஓடும் வேகத்தைப் பார்த்து நான் நாலு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆனால் ஊரில் பேச்சு என்ன தெரியுமா? “பொன்னாத்தா ரெண்டு தடவ வெதச்சும் மயிலு தின்னுபோச்சு. மூணாவது தடவ பாதிக்காடு செத்துப்போச்சு.” யாருடைய பாதி என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பேச்சு வேலுச்சாமி காதுக்குப் போயிற்று. ஒரு காலையில், குட்டியானை என்று எங்கள் பக்கம் சொல்லும் சின்னச் சரக்கு வண்டியில் இருபது தென்னம்பிள்ளையும், குழி வெட்ட இரண்டு ஆட்களுமாக அவர் வந்து இறங்கினார். பொன்னாத்தாள் எனக்கு ஆள் அனுப்பவில்லை. அம்மாதான் அனுப்பினார். நான் போய்ச் சேர்ந்தபோது பேச்சு நடந்துகொண்டிருந்தது.

வேலுச்சாமி நல்ல மனுஷர். அதுதான் தொல்லை. கெட்டவர் என்றால் சண்டை போட்டுவிடலாம்.

“ஏனுங்க அம்மணி, உங்களுக்கு வருத்தம் வேண்டாமுங்க. பாதிக்காடு காலியா இருக்குது பாருங்க. அந்தப் பாதியில மட்டும் இப்போதைக்குத் தென்னைய வெச்சுப்போடறேன். உங்க கொடி இந்தப் பக்கம் ஓடட்டுமுங்க.”

“அந்தப் பாதிக்கும் ஏங் கொடிதானுங்க ஓடி வந்திருக்குது” என்றாள் பொன்னாத்தாள். அது உண்மைதான். அவளுடைய கொடிகள் என் செத்த வரிசைகளைத் தாண்டி, வரப்பு வரைக்கும் போயிருந்தன. கணுவுக்குக் கணு வேர் இறக்கி, இலைக்குக் கீழே கைப்பிடி அளவுப் பிஞ்சுகள்.

“கொடி ஓடறது செரீங்க. செடி எங்கீங்க? ஒருக்கா பாதி செத்தா, அடுத்த தடவ மொத்தமும் சாவுமுங்களே. நீங்களும் எத்தனவாட்டிதான் செரமப்படுவீங்க.” என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “வாங்க மேஸ்திரி. நீங்களே வந்துட்டீங்க. நீங்கதான பண்ணித் தந்தீங்களாமா? உங்க நாத்தே இங்க நிக்கலீன்னா இந்த மண்ணுல அரசாணி ஆவாதுன்னுதானுங்களே அர்த்தம்? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, குழி வெட்டச் சொல்லறேன்.”

மம்பட்டியோடு இரண்டு ஆட்களும் என்னைப் பார்த்தார்கள். பொன்னாத்தாள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு பிஞ்சுக்கு அடியில் காய்ந்த புல்லை வைத்துக்கொண்டிருந்தாள்.

மண் ஆகாது என்று சொன்னால் என் பெயர் பிழைத்துக்கொள்ளும். அந்த வட்டாரத்தில் அதை மறுத்துப் பேச ஆள் கிடையாது. அத்தனை வருடம் நான் சேர்த்து வைத்த பெயர், அவளுடைய முப்பது சென்டைப் புதைக்கப் போதுமானதாக இருந்தது.

“மண்ணு நல்ல மண்ணுங்க” என்றேன்.

“பொறவு?”

“அந்தப் பாதி நான் நட்டதுங்க. கோனத் தலைகீழா நிறுத்தி, இருவத்திரண்டு நாள் வெச்சிருந்து, வேர அறுத்து நட்டேன். அதனால செத்துதுங்க. இந்தப் பாதி இவங்க நட்டதுங்க. யோசன இவங்களுது. நான் பேச்சக் கேக்கல.”

வேலுச்சாமி சிரித்தார். “நீங்க தன்னடக்கமாச் சொல்றீங்க.”

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் அந்தச் சொல்லைச் சொன்னார், அதுவும் தவறான இடத்தில். எனக்கு ஆத்திரம் வந்தது. என் வரிசையில் நின்ற ஒரு மஞ்சள் செடியைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தேன். சுருண்டு முடிச்சு விழுந்த வேர், எலி வால் மாதிரி தொங்கியது. பிறகு பொன்னாத்தாள் பக்கம் போய், அவளைக் கேட்காமலே ஒரு கொடியின் தூர்ப்பக்கம் விரலால் மண்ணைத் தோண்டிக் காட்டினேன். ஊறிப்போன அட்டைக்கு உள்ளிருந்து வேர் பெருவிரல் கனத்தில் நேராகக் கீழே போயிருந்தது.

“இதப் பாருங்க. இது போற ஆழத்துக்கு என் நாத்து ஒண்ணுகூடப் போனதில்லீங்க. அந்தப் பாதியில இப்பக் குழி வெட்டினா, கணுவுல எறங்கின வேரெல்லாம் அறுந்து இந்தப் பாதியும் போயிருமுங்க. வெட்டறதுன்னா வெட்டுங்க. மேஸ்திரி வெட்டச் சொன்னாருன்னு மட்டும் சொல்லாதீங்க.”

அவர் இரண்டு வேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். ஆட்கள் இருவரும் அதற்குள் பீடி பற்ற வைத்துக்கொண்டார்கள்.

“தென்னம்புள்ள இருவதையும் என்ன பண்றது இப்ப?” என்று கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

“உங்க ஊட்டு மேக்கால எடம் கெடக்குதுங்களே” என்றாள் பொன்னாத்தாள், நாலு வீட்டுக்குக் கேட்கிற குரலில். “வெகுநாளா வெயிலு அடிக்குதுன்னு உங்கூட்டு அம்மணி சொல்லிட்டிருந்தாங்க.”

வேலுச்சாமி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். “அடுத்த போகத்துக்கும் நீங்களே பாத்துக்கோங்க அம்மணி” என்றார். வண்டி திரும்ப இடமில்லாமல் பின்னாலேயே போய், தார்ச்சாலையில்தான் திரும்பியது.

எனக்கு ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். நாலு பேர் முன்னால் என் நாற்று செத்தது என்று நானே சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்கு ஒரு வார்த்தை வராமலா போகும்?

நான் தோண்டின மண்ணை அவள் தூருக்குத் தள்ளி மூடினாள். நிமிர்ந்து என் காலைப் பார்த்தாள்.

“மேஸ்திரி, கொடி மேல நிக்கறீங்க.”

தள்ளி நின்றேன்.